கேள்வியோடு வரும் வாசகர்: மாத்தளையை முன்வைத்து இணைய எழுத்து

இணையத்தளத்துக்கு எழுதக் கற்பவர் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது, தம் வாசகர் எப்படி வந்து சேர்கிறார் என்பதை. நூலின் வாசகர் முதற்பக்கத்திலிருந்து தொடங்குகிறார்; நாளிதழின் வாசகர் அதற்கென்று காலையில் சிறிது நேரம் ஒதுக்கி அமர்கிறார்; இணையப் பக்கத்தின் வாசகரோ தேடுபொறியில் இரண்டு மூன்று சொற்களைத் தட்டி, வந்து விழும் முடிவுகளில் ஒன்றைத் தொட்டு, தளத்தின் பெயரைக்கூடக் கவனியாமல் அதன் உட்பக்கம் ஒன்றில் நேரே இறங்குகிறார். அவரிடம் ஒரு கேள்வி இருக்கிறது. அதற்கான விடை அங்கே உண்டு என்ற அறிகுறி தென்பட்டால் தங்குகிறார், தென்படாவிட்டால் வந்த வழியே திரும்பி அடுத்த முடிவைத் தொடுகிறார். தலைப்பு இடுவது முதல் படத்துக்கு விளக்கம் எழுதுவது வரை இணைய எழுத்துக்கென்று சொல்லப்படும் விதிகள் யாவும் இந்த வருகையிலிருந்தே பிறக்கின்றன. ஆயினும் தமிழில் அவ்விதிகளை எடுத்துரைப்போர் பலர் ஆங்கிலக் கையேடுகளை ஒட்டியே பேசுவதால், தமிழ்த் தொடரின் அமைப்பும் தமிழ் வாசகர் தேடும் சொற்களும் அப்பேச்சுக்கு வெளியிலேயே நின்றுவிடுகின்றன.

இக்குறையை ஒரு குறிப்பிட்ட நிலப்பரப்பில் வைத்துப் பார்ப்பது நல்லது. இலங்கையின் மத்திய மாகாணத்தில், கண்டிக்கு வடக்கே பதினொரு பிரதேச செயலகப் பிரிவுகளாக விரியும் மாத்தளை மாவட்டத்தில், 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி சுமார் 4,84,000 பேர் வாழ்ந்தனர்; அவர்களுள் பெரும்பான்மையோர் சிங்களவர்; மலையகத் தமிழர், இலங்கைத் தமிழர், தமிழ் பேசும் முஸ்லிம்கள் ஆகியோர் சேர்ந்து ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர். வடக்கே சிகிரியா, தம்புள்ளைக் குகை விகாரை என இரண்டு உலக மரபுரிமைத் தலங்கள். தம்புள்ளையிலேயே நாட்டின் பெரிய மரக்கறிச் சந்தைகளுள் ஒன்றான பொருளாதார மத்திய நிலையம். கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடரின் சரிவுகள். இடையே தேயிலை, இறப்பர், கொக்கோ, மிளகு, கராம்பு, சாதிக்காய் விளையும் தோட்டங்கள். சுற்றுலா, சந்தை விலை, அரச சேவை, திருவிழா, பேரிடர் எச்சரிக்கை என இணையத்துக்கு எழுதுபவர் எழுத நேரும் பக்க வகைகள் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் இங்கே தமிழ் வாசகர் உண்டு.

ஊடகம் மாறும்போது எழுதும் முறையும் மாறும் என்பதற்கு இம்மாவட்டத்திலேயே பழைமையான சான்று ஒன்றும் இருக்கிறது. மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளை செல்லும் வீதியில் சில கிலோமீற்றர் தொலைவிலுள்ள அளுவிகாரையில்தான், கி.மு. 1ஆம் நூற்றாண்டில் வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை வாய்மொழியாக ஓதப்பட்டு வந்த பௌத்த திரிபிடகம் முதன்முதலாக ஓலையில் எழுதப்பட்டது என்பது இலங்கையின் பௌத்த மரபு. ஓதுவதற்கென அமைந்த பகுதிகளில் ஒரே தொடர் திரும்பத் திரும்ப வரும். மனனம் செய்வோருக்கு அது துணை. எழுதுபவரின் கைக்கும் ஓலையின் இடத்துக்கும் அதே தொடர் சுமையாகிவிடுவதால், பாலிச் சுவடிகளில் மீண்டு வரும் பகுதியை முழுமையாக எழுதாமல், முன்னர் சொன்னதே இங்கும் வருகிறது என்று உணர்த்தும் ‘பெய்யால’ எனும் சுருக்கம் வழங்கியது. ஒரு சொல்லும் பிசகக்கூடாது என்று போற்றப்பட்ட நூல்தொகுதியே தன்னை ஏந்திய ஊடகத்துக்கு ஏற்ப எழுதப்பட்டிருக்கும்போது, சுற்றறிக்கைகளும் சுற்றுலாக் குறிப்புகளும் அச்சில் இருந்தபடியே திரைக்கு வர வேண்டும் என்பதற்குக் காரணம் ஏதும் இல்லை.

மேலோடும் கண்

இணைய வாசிப்பைப் பற்றிய ஆய்வுகளுள் இன்றும் அதிகமாக எடுத்தாளப்படுவது, ஜோன் மோர்க்ஸ், ஜேக்கப் நீல்சன் ஆகிய இருவரும் 1997ஆம் ஆண்டில் வெளியிட்டது. அவர்களின் சோதனையில் பங்கேற்றோருள் 79 வீதத்தினர் புதிய பக்கம் எதையும் மேலோட்டமாகவே நோட்டமிட்டனர். சொல்லுக்குச் சொல் படித்தவர்கள் 16 வீதத்தினர் மட்டுமே. அந்த எண்களை விடவும் சோதனை நடத்தப்பட்ட முறை இங்கே கவனத்துக்குரியது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தைப் பற்றிய சுற்றுலாத் தளம் ஒன்றை அவர்கள் ஐந்து வடிவங்களில் அமைத்தனர். முதல் வடிவம் விளம்பரக் கட்டுரைகளுக்கே உரிய புகழ்ச்சி நடையில் இருந்தது. இரண்டாவதில் சொற்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைக்கப்பட்டன. மூன்றாவது நோட்டமிடுவதற்கு வசதியாக அமைக்கப்பட்டது. நான்காவதில் புகழ்ச்சி நீக்கப்பட்டுத் தகவல் மட்டும் நிறுத்தப்பட்டது. ஐந்தாவதில் இம்மூன்றும் ஒருங்கே செய்யப்பட்டன. பயன்பாட்டுத்தன்மை, அதாவது வாசகர் தேடி வந்ததை எவ்வளவு விரைவாகவும் பிழையின்றியும் கண்டடைகிறார் என்பது உள்ளிட்ட அளவு, முதல் வடிவத்தைவிட முறையே 58, 47, 27 வீதங்கள் உயர்ந்தது. ஐந்தாவது வடிவத்திலோ 124 வீதம் உயர்ந்தது.

இவற்றுள் 27 வீதம் எனும் எண்ணே மாத்தளையைப் பற்றி எழுதுவோர் நெடுநேரம் எண்ணிப் பார்க்க வேண்டியது. சொற்களைக் குறைக்காமல், அமைப்பையும் மாற்றாமல், புகழ்ச்சியை மட்டும் நீக்கினாலே வாசகருக்கு அவ்வளவு பயன் கிடைத்தது. சிகிரியாவைப் பற்றித் தமிழில் எழுதப்படும் பக்கங்களிலோ ‘உலகப் புகழ் பெற்ற’, ‘கண்ணைக் கவரும்’, ‘இயற்கை எழில் கொஞ்சும்’ என்ற அடைமொழிகள் முதற்பத்தியை நிறைத்துவிட, அங்கே செல்ல எண்ணுபவர் உண்மையில் கேட்கும் கேள்விகள் ஐந்தாம் ஆறாம் பத்திக்குத் தள்ளப்படுகின்றன. ஏறத்தாழ 1,200 படிகளை ஏற வேண்டும் என்பது முழங்கால் வலியுள்ள முதியவரை அழைத்துவரும் குடும்பத்துக்கு முதலில் தெரிய வேண்டிய செய்தி. பாறையில் குளவிகள் கலையும் காலங்களில் ஏறுவது ஆபத்து என்பதும் அப்படியே. 5ஆம் நூற்றாண்டின் இறுதியில் காசியப்ப மன்னன் அங்கே ஆண்ட வரலாறும், கண்ணாடிச் சுவரில் பார்வையாளர்கள் பொறித்த பாடல்களுள் 685ஐப் படித்துத் தொல்லியலாளர் பரணவிதான 1956ஆம் ஆண்டில் பதிப்பித்த செய்தியும் அதற்குப் பின்னர் வந்தால் வாசகர் மனமுவந்து படிப்பார், ஏனெனில் தம் பயணத்துக்கு வேண்டியது கிடைத்துவிட்ட நிறைவு அவருக்கு அப்போது இருக்கும். அடைமொழி தன்னளவில் குற்றமுடையதன்று. எந்த ஊருக்கும் பொருந்தும் அடைமொழியே இடத்தை வீணாக்குகிறது. ‘நண்பகலில் பாறை சுடும்’ என்பது போன்ற தொடர் அந்த இடத்துக்கே உரியதாதலால் எத்தனை சொற்கள் குறைக்கப்பட்டாலும் நிலைத்து நிற்கும்.

நோட்டமிடும் கண்ணுக்கு உதவுவன என்று பொதுவாகக் கூறப்படுபவை உட்தலைப்புகள், சிறு பத்திகள், பத்தியின் கருத்தை ஏந்தி நிற்கும் முதல் வாக்கியம், சொல்லும் பொருளைத் தானே அறிவிக்கும் இணைப்பு ஆகியன. கடைசியாகக் குறிப்பிட்டது தமிழ்த் தளங்களில் பெரிதும் புறக்கணிக்கப்படுகிறது. ‘மேலும் அறிய இங்கே அழுத்தவும்’ என்று நீலநிறத்தில் நிற்கும் இணைப்பு எங்கே இட்டுச் செல்லும் என்பது, பக்கத்தை நோட்டமிடுபவருக்கும் தெரியாது. திரைவாசிப்பானை, அதாவது பார்வையற்றோருக்காகத் திரையிலுள்ளதை ஒலியாக மாற்றித் தரும் மென்பொருளை, பயன்படுத்தி இணைப்புகளை மட்டும் வரிசையாகக் கேட்பவருக்கும் தெரியாது. ‘பிறப்புச் சான்றிதழ் விண்ணப்பப் படிவம்’ என்ற சொற்களே இணைப்பாக அமைந்தால் இருவரின் குறையும் ஒருங்கே தீர்கிறது.

விடையும் வினைமுற்றும்

செய்தியாளர் மரபில் தலைகீழ்க் கூம்பு என்றொரு அமைப்பு உண்டு. மிக முக்கியமான செய்தியை முதலிலும் அதன் விவரங்களை அடுத்தும் பின்னணியைக் கடைசியிலும் வைத்து எழுதுவது அது. இணைய எழுத்துக் கையேடுகள் இதையே முதல் விதியாகச் சொல்கின்றன. பிரித்தானிய அரசு 2012ஆம் ஆண்டில் தன் பல்வேறு தளங்களை ஒன்றாக்கியபோது, ஒவ்வொரு பக்கமும் பயனர் ஒருவரின் தேவையிலிருந்தே தொடங்கப்பட வேண்டும், திணைக்களம் சொல்ல விரும்புவதிலிருந்து அன்று, என்பதைத் தன் எழுத்துக் கொள்கையாக்கியது. உக்குவளையில் வசிக்கும் ஒரு தாய், பிள்ளையைப் பாடசாலையில் சேர்ப்பதற்குப் பிறப்புச் சான்றிதழின் பிரதி எங்கே கிடைக்கும் என்று தேடினால், பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் வரலாற்றிலிருந்து தொடங்கும் பக்கத்தில் அவர் நிற்கமாட்டார். எந்த அலுவலகம், எந்தப் படிவம், கையோடு எதைக் கொண்டுசெல்வது, எவ்வளவு கட்டணம், எத்தனை நாள்: இவையே அவருடைய வரிசை. தோட்டத்தில் ஒருநாள் வேலையை விட்டுத்தான் அலுவலகத்துக்குச் செல்ல முடியும் என்ற நிலையிலுள்ளவருக்கு, பக்கத்தில் விடுபட்ட ஓர் ஆவணத்தின் பெயர் ஒரு நாட்கூலியைப் பறித்துவிடுகிறது. எழுத்தின் குறைபாட்டுக்குக் கொடுக்கப்படும் நேரடியான விலை இது.

இவ்விதியைத் தமிழில் கடைப்பிடிக்கும்போதுதான் ஆங்கிலக் கையேடுகள் சொல்லாத சிக்கல் எழுகிறது. ஆங்கிலத் தொடரில் எழுவாயை அடுத்து வினை வந்துவிடுவதால், வாக்கியத்தின் முற்பாதியை மட்டும் பார்ப்பவருக்கும் யார் என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்துவிடும். தமிழில் வினைமுற்று தொடரின் இறுதியில் நிற்கும். எச்சங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும்போது தொடரின் தீர்ப்பு கடைசிச் சொல்லுக்காகக் காத்திருக்கிறது. கேட்போரை ஈர்த்து நிறுத்தும் அந்த அழகு, நோட்டமிடும் கண்ணுக்குப் பொறியாகிவிடுகிறது. எதிர்மறையில் இது இன்னும் கூர்மையானது. ‘இத்தகைய விண்ணப்பதாரர்கள் சத்தியக்கடதாசியும் கிராம உத்தியோகத்தரின் சான்றிதழும் சமர்ப்பிக்க வேண்டியதில்லை’ என்ற தொடரை விரைந்து பார்ப்பவரின் கண்ணில் சத்தியக்கடதாசியும் சான்றிதழும் பதிந்துவிடும், இறுதியில் ஒட்டி நிற்கும் ‘இல்லை’ பதியாது. அவர் அவ்விரண்டையும் தேடி அலையத் தொடங்கிவிடுவார்.

இதற்குத் தீர்வு தமிழ் இலக்கணத்தை வளைத்து வினையை முன்னே கொண்டுவருவதில் இல்லை. அப்படி எழுதியவை மொழிபெயர்ப்பு வாடையோடு நின்றுவிடுகின்றன. தொடரைக் குறுக்கி, வினைமுற்று விரைவில் வந்துசேருமாறு செய்வதும், எதிர்மறையைத் தவிர்த்து உடன்பாட்டில் சொல்வதும், எதிர்மறை தவிர்க்க முடியாதபோது அதையே தலைப்பாக்கி முன்னே நிறுத்துவதும் தமிழின் இயல்போடு ஒத்துப் போகும் வழிகள். மேலே காட்டிய தொடரை ‘இரண்டு ஆவணங்கள் போதும்’ என்று தொடங்கி, தேவைப்படும் அந்த இரண்டின் பெயரைச் சொன்னால் சத்தியக்கடதாசியைப் பற்றிய பேச்சே எழாது. இலங்கையில் அரச அறிவித்தல்கள் பல சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வரையப்பட்டுப் பின்னர் தமிழாக்கப்படுவதால், மூலத்தின் நீண்ட வாக்கியத்தை ஒரே தமிழ் வாக்கியமாகப் பெயர்க்கும் பழக்கம் இச்சிக்கலை இரட்டிப்பாக்குகிறது. தகவலை மட்டும் பெற்றுக்கொண்டு தமிழில் புதிதாக எழுதும் உரிமை மொழிபெயர்ப்பாளருக்கு வழங்கப்படாத வரை, நாட்டின் அரச கரும மொழிகளுள் ஒன்றான தமிழ் அந்தத் தளங்களில் வாசிக்கப்படாத தமிழாகவே கிடக்கும்.

தேடப்படும் சொல்

வாசகர் தேடும் சொல் பக்கத்தில் இல்லையென்றால் எத்தனை சிறந்த எழுத்தும் அவரைச் சென்றடையாது. மாத்தளை மாவட்டத்து ஊர்ப்பெயர்களே இதற்கு நல்ல பாடம். தம்புள்ளை என்றும் தம்புள்ள என்றும், சிகிரியா என்றும் சீகிரியா என்றும், உக்குவளை என்றும் உக்குவெல என்றும், இறத்தோட்டை, ரத்தோட்டை, ரத்தொட்ட என்றும், அளுவிகாரை, அலுவிகாரை என்றும் ஒரே இடத்துக்குப் பல எழுத்துக்கூட்டல்கள் வழங்குகின்றன. அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து பக்கம் முழுவதும் ஒரே சீராகப் பயன்படுத்துவதும், ஏனைய வடிவங்களை முதற்பத்தியில் ஒருமுறை இயல்பாகக் குறிப்பிட்டுவிடுவதும் போதுமானவை. எல்லா வடிவங்களையும் பக்கமெங்கும் தூவுவது தேடுபொறியையும் ஏமாற்றாது, வாசகருக்கும் எரிச்சலூட்டும்.

விளைபொருட் பெயர்களில் வேறுபாடு கடல் கடந்தும் நிற்கிறது. மாத்தளை விவசாயி கறுவா என்றும் கராம்பு என்றும் தேடுவார். தமிழ்நாட்டில் அவற்றையே பட்டை என்றும் கிராம்பு என்றும் தேடுவார்கள். உள்ளூர் விவசாயிக்கு எழுதும் பக்கம் கறுவா என்றே எழுத வேண்டும். ஏற்றுமதி வாணிகருக்கும் சமையற் குறிப்புத் தேடும் சென்னை வாசகருக்கும் சேர்த்து எழுதுவதாயின் இரண்டையும் அறிமுகப்படுத்த வேண்டும். அலுவலகச் சொற்களும் இவ்வாறே. கிராம உத்தியோகத்தர் என்ற பதவிப்பெயர் வந்து நெடுங்காலமாகியும் மக்கள் நாவில் கிராம சேவகரே இன்னும் வாழ்கிறார். அவரை வாசகர் எப்படி அழைக்கிறாரோ அப்படியே தலைப்பில் அழைத்து, அலுவலகப் பெயரை அடுத்த வரியில் தருவதால் எவருடைய கௌரவமும் குறைந்துவிடாது.

தமிழ் ஒட்டுநிலை மொழியாதலால், அதாவது வேற்றுமை உருபுகள் பெயரோடு இணைந்தே வருவதால், மற்றொரு நுட்பமும் தேவைப்படுகிறது. ‘மாத்தளையிலிருந்து’, ‘மாத்தளைக்கு’, ‘மாத்தளையின்’ என்ற வடிவங்களைத் தேடுபொறிகள் ஓரளவு பிரித்தறியக் கற்றிருப்பினும், மக்கள் தட்டுவது பெரும்பாலும் உருபேற்காத பெயரையே. ஆகவே பக்கத்தின் தலைப்பிலும் முதல் வாக்கியத்திலும் ‘மாத்தளை’, ‘மிளகு விலை’, ‘பிறப்புச் சான்றிதழ்’ போன்ற பெயர்கள் உருபின்றியும், அடுத்த சொல்லோடு ஒட்டாமல் இடைவெளி விட்டும் ஒருமுறையேனும் அமைவது நன்று.

இவை யாவற்றுக்கும் அடிப்படை, எழுத்து எழுத்தாகவே கணினியில் இருக்க வேண்டும் என்பது. இலங்கையின் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் நெடுங்காலம் கோலோச்சிய ‘பாமினி’ எழுத்துருவில் தட்டப்பட்ட ‘அம்மா’ எனும் சொல், கணினியின் உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகளாகவே கிடக்கும். அந்த எழுத்துரு இல்லாத கருவியில் அது பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகத் தோன்றும், எந்தத் தேடுபொறியும் அதைத் தமிழென்று அறியாது. ஒருங்குறி, அதாவது உலக மொழிகளின் எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனியெண் வழங்கும் முறை, இந்தத் தடையை நீக்கியது. பழைய கோப்புகளை மாற்றுவதற்குச் சுரதா உருவாக்கிய ‘பொங்குதமிழ்’ போன்ற எழுத்துருமாற்றிகள் அக்காலத்தில் ஆற்றிய தொண்டு பெரிது. அத்தடை நீங்கிய பின்னரும் அதற்கு ஈடான வேறொரு தடையைத் தமிழர் தாமே எழுப்பிக்கொண்டிருக்கின்றனர். அறிவித்தலை அழகாக வடிவமைத்து, படமாக்கி, அப்படத்தை மட்டும் வெளியிடும் பழக்கமே அது. படத்துக்குள் இருக்கும் தமிழைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். திரைவாசிப்பான் அதை ஒலியாக்காது. சிறு திரையில் பெரிதாக்கினால் வரிகள் விளிம்புக்கு அப்பால் ஓடிவிடும். படம் வேண்டுமாயின் இருக்கட்டும். அதிலுள்ள செய்தி எழுத்தாகவும் அதன்கீழ் இருந்தே ஆக வேண்டும்.

மழை இரவில் ஒரு பக்கம்

இவ்வளவையும் ஒரே பக்கத்தில் சோதித்துவிடும் எழுத்து வகை ஒன்று உண்டென்றால் அது மண்சரிவு எச்சரிக்கைதான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழைவீழ்ச்சியை அடிப்படையாகக் கொண்டு பிரதேச செயலகப் பிரிவு வாரியாக எச்சரிக்கைகளை விடுக்கிறது. மஞ்சள் நிற முதற்கட்டம் விழிப்பாயிருக்கவும், செம்மஞ்சள் நிற இரண்டாங்கட்டம் வெளியேற ஆயத்தமாயிருக்கவும், சிவப்பு நிற மூன்றாங்கட்டம் உடனே வெளியேறவும் சொல்பவை. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டிட்வா புயல் மலையகமெங்கும் மண்சரிவுகளை விளைவித்து, நாடளாவிய ரீதியில் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றபோது, சிவப்பு எச்சரிக்கை பெற்ற மாவட்டங்களுள் மாத்தளையும் இருந்தது.

அத்தகைய இரவில் எச்சரிக்கைப் பக்கத்தைத் திறப்பவரின் நிலையை எழுதுபவர் மனத்தில் நிறுத்த வேண்டும். மின்சாரம் நின்றிருக்கும், கைபேசியின் மின்னேற்றம் குறைந்துகொண்டிருக்கும், இணைப்பு வந்து வந்து போகும், தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயன் அறையில் குழந்தைகளும் முதியவர்களும் இருப்பார்கள். அவர் அறிய விரும்புவது நான்கே நான்கு: எச்சரிக்கை தம் இடத்துக்கா, எவ்வளவு நேரத்துக்கு, இப்போது என்ன செய்வது, எங்கே போவது. இவற்றுள் முதற்கேள்வியே எளிதில் தவறிப் போகிறது. தோட்டத்தில் வாழ்பவர் தம் இருப்பிடத்தைத் தோட்டத்தின் பெயராலும் மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என்ற டிவிஷன் பெயராலும் அறிவார். அம்பன்கங்கை கோறளை, லக்கல-பல்லேகம என்ற நிர்வாகப் பெயர்கள் அவருடைய அன்றாடப் பேச்சில் வருவதில்லை. பிரதேச செயலகப் பிரிவின் பெயரை மட்டும் தாங்கிய எச்சரிக்கை, சட்டப்படி முழுமையானது, வாசகரைப் பொறுத்தவரை முகவரி இல்லாதது. பிரிவின் பெயரை அடுத்து, அந்தந்தப் பிரிவுக்குட்பட்ட எல்கடுவை, கம்மடுவை போன்ற ஊர்களின், தோட்டங்களின் பெயர்களைச் சேர்ப்பதற்கு ஓர் எழுத்தாளரின் அரைமணி நேரம் போதும். ஒருமுறை தொகுத்துவிட்டால் ஒவ்வொரு மழைக்கும் அப்பட்டியல் உதவும்.

எச்சரிக்கையில் வினைமுற்றின் இடம் உயிரோடு தொடர்புடையதாகிவிடுகிறது. ‘நிலவும் சீரற்ற காலநிலை காரணமாக, மழைவீழ்ச்சி தொடரும் பட்சத்தில் மண்சரிவு அபாயம் ஏற்படக்கூடிய சாத்தியம் உள்ளமையினால், பொதுமக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்’ என்ற நடையில் செய்ய வேண்டிய செயல் கடைசி மூலையில் ஒளிந்திருக்கிறது. ‘வெளியேறுங்கள். இன்று மாலை 4 மணி முதல் நாளை மாலை 4 மணி வரை இத்தோட்டங்களுக்குச் சிவப்பு எச்சரிக்கை’ என்று தொடங்கி, நிலத்தில் புதிய வெடிப்பு, சாயும் மரங்கள், திடீரெனக் கலங்கி வரும் ஊற்றுநீர் ஆகிய அறிகுறிகளை அடுத்த வரிகளில் சொன்னால் போதும். மரியாதையான செயப்பாட்டுவினை அலுவலகத்தின் கண்ணியத்தைக் காக்கிறது என்ற எண்ணம் இந்த இடத்தில் கைவிடப்பட வேண்டும். நிறமும் தனித்து நின்று பொருள் தரக்கூடாது. நிறக்குருடு உள்ளவருக்கும் ஒலியாகக் கேட்பவருக்கும் ‘சிவப்பு, மூன்றாங்கட்டம்’ என்ற சொற்களே உதவும்.

நேரத்தையும் நாளையும் முழுமையாக எழுதும் இந்த ஒழுங்கு, அபாயமற்ற பக்கங்களுக்கும் உரியது. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் மாசிமகத் தேர்த்திருவிழாவில் ஐந்து தேர்கள் வீதியுலா வரும் பஞ்சரத பவனியைக் காணப் பல மாவட்டங்களிலிருந்தும் அடியார்கள் வருகின்றனர். மாசிமகம் நட்சத்திரத்தைப் பொறுத்ததால் ஆண்டுதோறும் ஆங்கிலத் தேதி மாறும். ‘வரும் வெள்ளிக்கிழமை’ என்று எழுதப்பட்ட அறிவித்தல் அச்சுத்தாளில் ஒரு வாரத்தில் கிழிந்து போய்விடும். இணையத்திலோ மூன்று ஆண்டுகள் கழித்தும் தேடலில் எழுந்து வந்து ஒருவரைத் தவறான நாளில் பேருந்தில் ஏற்றிவிடும். ஆண்டு, மாதம், தேதி, கிழமை நான்கும் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

நீண்ட எழுத்தின் இடம்

குறுக்குதல், பிரித்தல், முன்னிறுத்தல் என்ற இவ்விதிகளை எல்லா எழுத்துக்கும் பொதுவாக்குவது பெருந்தவறு. மோர்க்ஸும் நீல்சனும் சோதித்தது தகவல் தேடி வந்தோரை. படிப்பதற்கென்றே வருவோர் வேறு இனத்தினர். மாத்தளை சோமு, மலரன்பன், மாத்தளை வடிவேலன் போன்றோரின் சிறுகதைகளால் தோட்ட வாழ்வைத் தமிழுக்குத் தந்த மண் இது. அந்த வாழ்வின் நினைவுகளையும் வாய்மொழி வரலாற்றையும் இணையத்தில் எழுத முனையும் இளையோர், மூன்று வரிப் பத்திகளாக அவற்றை நறுக்க வேண்டியதில்லை. 2005ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேமித்து வருவதும், 2003ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் ஊர்களைப் பற்றிய கட்டுரைகள் வளர்ந்து வருவதும், நீண்ட எழுத்துக்கும் இணையத்தில் நிலையான வாழ்வு உண்டு என்பதைக் காட்டுகின்றன. அத்தகைய எழுத்து வாசகருக்குச் செலுத்த வேண்டிய கடன் ஒன்றே: எந்த ஊர், எந்தக் காலம், யாருடைய வாழ்வு என்பதைத் தலைப்பும் முதற்பத்தியும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ‘மறக்க முடியாத நினைவுகள்’ என்று தலைப்பிட்ட கட்டுரையை, தம் பாட்டனார் வேலை செய்த தோட்டத்தைப் பற்றித் தேடும் பேரன் ஒருபோதும் கண்டடையமாட்டான். தோட்டத்தின் பெயர் தலைப்பில் இருந்தால் கனடாவிலிருந்தும் வந்துசேர்வான்.

கற்கும் முறை

விதிகளை அறிந்தவர்களெல்லாம் நன்றாக எழுதிவிடுவதில்லை, ஏனெனில் எழுதியவருக்கு விடை முன்பே தெரியும். பக்கத்தில் அது எங்கே மறைந்திருக்கிறது என்பது அவர் கண்ணுக்குப் புலப்படாது. ஆகவே சோதித்தறிவதே கற்பதற்குச் சிறந்த வழி. ஐந்து பேரிடம் சோதித்தாலே பக்கத்தின் பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று நீல்சன் 2000ஆம் ஆண்டில் வாதிட்டார். அதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை, ஒரு கைபேசியும் சிறிது பொறுமையும் போதும். பக்கத்தைத் திறந்து ஒருவர் கையில் கொடுத்து, ‘இந்தச் சான்றிதழுக்கு என்னென்ன கொண்டுபோக வேண்டும்?’ என்று ஒரு கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு எழுதியவர் வாய்மூடி இருக்க வேண்டும். வாசிப்பவரின் விரல் எங்கே தயங்கி நிற்கிறது, எந்த உட்தலைப்பைத் தாண்டிப் போய்த் திரும்பி வருகிறது, எந்தச் சொல்லைச் சத்தமாக வாசித்துப் பொருள் கேட்கிறார் என்பவற்றைக் குறித்துக்கொண்டால், திருத்த வேண்டிய இடங்கள் தாமாகவே தெரியும். விளக்கம் சொல்லத் துடிக்கும் நாவை அடக்குவதே இப்பயிற்சியின் கடினமான பகுதி. எழுதியவர் சொல்லும் விளக்கம் எதுவோ அதுவே பக்கத்தில் விடுபட்ட வாக்கியம்.

மாத்தளையின் பாடசாலைகளிலும் கல்லூரிகளிலும் தமிழ் கற்பிப்போர் இதை ஒரு பயிற்சியாக்கலாம். கையில் கிடைக்கும் சுற்றறிக்கை ஒன்றை மாணவர் தம் வீட்டார் கேட்கும் கேள்விகளின் வரிசையில் மாற்றி எழுதி, வீட்டாரிடமே வாசிக்கக் கொடுத்து, அவர்கள் தடுமாறிய இடங்களோடு மறுநாள் வகுப்புக்குத் திரும்பட்டும். திருத்திய பக்கத்தை அதே ஆளிடம் மீண்டும் கொடுப்பதில் பயனில்லை, அவருக்கு விடை தெரிந்துவிட்டது. இம்முறை தம்புள்ளைச் சந்தையில் மரக்கறி விற்பவர், பார்வைக் குறைபாடுள்ள அயலவர், தமிழைப் பேசினாலும் சிங்கள மொழிமூலம் கற்றதால் தமிழை மெல்ல எழுத்துக்கூட்டிப் படிப்பவர் என்று புதியவர்களைத் தேடிக் கொடுக்க வேண்டும்.